ஈஹா என்னும் எய்ட்கன்

காக்கையை அறியாதார் நம்முள் யாரும் இலர். ஆயின் அப்பறவை எத்திங்களிற் கூடு கட்டத் தொடங்குகின்றது, கூட்டிற்கு வேண்டிய சுள்ளிகளை எங்கிருந்து கொணர்கின்றது, சாம்பல் நிறக் கழுத்துடைய ஊர்க்காக்கையும் உடல் முழுதும் கரிய அண்டங்காக்கையும் ஒரே மரத்திற் குடியிருக்குமோ என்று வினவின், விடை பகரத் தக்கார் எத்துணையர்? இவ்வினாக்களை நாம் அண்மையில் நண்பர் சிலரிடம் விடுத்தோம். விலங்கியல் பயில்வார் இருவரும் அக்கூட்டத்தில் இருந்தனர். அனைவரும் சாளரத்தின் வழியே வெளியே நோக்கினரேயன்றி ஒருவரும் வாய் திறந்திலர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. வினவிய நாமும் விடை அறியேம்.

இவ்வாறு கண்ணெதிரே இருந்தும் கருத்திற் படாத உயிர்களையே தம் வாழ்நாளெல்லாம் உற்றுநோக்கி எழுதிவைத்த ஒருவர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பம்பாய் மாகாணத்தில் வாழ்ந்தார். அவர் விலங்கியற் பேராசிரியர் அல்லர். பெருங்காட்டு வேட்டைக்காரரும் அல்லர். உப்பு வரியும் சுங்கமும் தண்டும் அரசாங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். எட்வர்ட் ஹாமில்டன் எய்ட்கன் என்பது அவர்தம் முழுப்பெயர். அப்பெயரின் முதலெழுத்துக்கள் மூன்றையும் சேர்த்து ஈஹா என்னும் புனைபெயரை அமைத்துக்கொண்டார். பத்திரிகை படிப்போர் அவரை அப்பெயராலேயே அறிந்தனர்.

எய்ட்கன் 1851-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் நாள் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த சாத்தாராவிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் எய்ட்கன், ஸ்காத்லாந்து சுயாதீன சபையின் மிஷனரி. அக்காலத்து ஐரோப்பியர் தம் மக்களை இளமையிலேயே கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பிவிடுவது பெருவழக்கு. நம் எய்ட்கனோ இந்நாட்டிலேயே தந்தையாரிடம் கல்வி கற்றார். பின்னர்ப் பம்பாயிலும் பூனாவிலும் பயின்று, பம்பாய்ப் பல்கலைக்கழகப் பரீட்சைகளில் முதல்வராகத் தேறினார். 1870 முதல் 1876 வரை பூனா டெக்கான் கல்லூரியில் இலத்தீன் ஆசிரியராக அமர்ந்தார். கிரேக்க மொழியிலும் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. 1880-இற் கவிதை ஒன்று இயற்றிப் பல்கலைக்கழகப் பரிசிலும் பெற்றார். இப்பயிற்சிகளையெல்லாம் நோக்குவார், இவர் முடிவில் ஓர் இலக்கண நூலாசிரியர் ஆவார் என்றே எதிர்பார்த்திருப்பர்.

ஆயின் 1876-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் உப்புச் சுங்க இலாகாவிற் சேர்ந்தார். முதற்கண் அவர் பணிபுரிந்த இடங்களுள் ஒன்று காரகோடா. கட்சு நாட்டு ரண் என்னும் உவர்வெளியின் விளிம்பிலுள்ள ஊர் அது. ஆண்டுக் கிணறு தோண்டி உவர்நீர் இறைத்துப் பாத்தி கட்டி உப்பு விளைவிப்பர். கண்ணுக்கெட்டிய தூரம் வெண்ணிலமும் புழுதியுமே. காடு என்பதில்லை, மலை என்பதில்லை. உரையாடுதற்கு ஒத்த தோழரும் மிகச் சிலரே. அத்தகைய இடத்தில் மாலைப்பொழுதை எங்ஙனம் கழிப்பது? பலர் சீட்டாடினர், சிலர் குடித்தனர். எய்ட்கன் தம் வீட்டுச் சுவரை நோக்கினார்.

சுவரிற் பல்லி இருந்தது. விளக்கடியில் ஈசலும் அந்துப்பூச்சியும் விழுந்தன. கூரையில் எலியும் வௌவாலும் குடியிருந்தன. உணவு மேசையின் காலடியில் எறும்புகள் அணிவகுத்தன. குளியலறையில் தவளை ஒன்று வாடகையின்றித் தங்கியிருந்தது. வாயிற்படியிற் காக்கை, தோட்டத்திற் சிட்டுக்குருவி, கதவிடுக்கில் மண்கூடு கட்டும் குளவி, மூலைதோறும் சிலந்தி. இவற்றுள் ஒன்றேனும் வேண்டி அழைக்கப்பட்டது அன்று; ஒன்றேனும் விடைபெற்றுச் செல்வதாகவும் இல்லை. இவற்றின் இயல்புகளையும் வழக்கங்களையும் போர்களையும் பயின்று எழுதிய கட்டுரைகள் தொகுக்கப்பெற்று 1883-இல் நூலாக வெளிவந்தன. எம் எல்லைப்புறத்துக் குடிகள் எனத் தமிழிற் பெயர்க்கத்தக்க தலைப்பை அவர் அதற்கு இட்டார். ஓர் இந்திய இயற்கைநூல் அன்பரின் வெளிநாட்டுக் கொள்கை என்பது அதன் துணைத்தலைப்பு. 1878 முதல் 1880 வரை நடந்த இரண்டாம் ஆப்கானியப் போர் முடிந்து மூன்றாண்டே ஆகியிருந்த காலம் அது. எல்லைப்புறக் குடிகளை அடக்குவதா அணைப்பதா என்று ஆட்சியாளர் ஓயாது வாதிட்டனர். எறும்போடும் எலியோடும் தாம் நடத்திய போரையும் உடன்படிக்கையையும் அதே நடையில் எய்ட்கன் எழுதியதைக் கண்டு படித்தோர் நகைத்தனர். மாக்ரே என்பார் வரைந்த படங்கள் அந்நகைச்சுவைக்குத் துணைநின்றன. நூலில் தூசிப்பட்டினம் என்ற பொருளில் அவர் இட்ட கற்பனைப் பெயர் காரகோடாவையே குறிக்கும்.

நகைச்சுவையை நீக்கிப் பார்த்தாலும் அந்நூலில் எஞ்சுவது சிறிதன்று. பல்லி இரையை அணுகும் விதத்தை அவர் கேள்வியால் எழுதவில்லை. விளக்கருகே இரவுதோறும் அமர்ந்து கண்டு எழுதினார். வண்ணத்துப்பூச்சியைப் பற்றி இரண்டு கட்டுரைகள் உள்ளன: ஒன்று அதனை வலைகொண்டு துரத்துவது பற்றியது, மற்றொன்று அதனை அமர்ந்து நோக்குவது பற்றியது. முன்னதில் விளையாட்டு மிகுதி. பின்னதே நமக்கு உவப்பானது.

1883-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் மும்முறை குறிக்கத்தக்கது. அவ்வாண்டிலேதான் முதல் நூல் வெளிவந்தது. பாதிரியார் சால்மர்ஸ் பிளேக் என்பாரின் மகளாரை மணந்ததும் அவ்வாண்டிலேதான். செப்டம்பர் மாதம் 15-ஆம் நாள் பம்பாய் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் எண்மர் கூடி, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். எய்ட்கன் அவ்வெண்மருள் ஒருவர். அறுவர் ஐரோப்பியர், இருவர் நம் நாட்டினர். பிரார்த்தனா சமாஜத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவராகிய மருத்துவர் ஆத்மாராம் பாண்டுரங்கும், தாவரநூல் வல்ல மருத்துவர் சகாராம் அர்ஜுனும் அவ்விருவர்.

சங்கத்தின் தொடக்கநோக்கம் மிக எளியது. மாதம் ஒருமுறை கூடுவது. தாம் கண்டவற்றை ஒருவர்க்கொருவர் சொல்லுவது. கிடைத்த பாம்பையோ பூச்சியையோ முட்டையையோ கொணர்ந்து காட்டுவது. இதனாற் பெரும்பயன் விளையுமோ என்று ஐயுறுவார் இருக்கலாம். தனித்திருந்து காண்பவன் தான் கண்டது புதிதோ பழைதோ என்று அறியமாட்டான். பூனாவில் ஒருவர் கண்ட பறவையையும் தானாவில் மற்றொருவர் கண்ட பறவையையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும்போதுதான் இரண்டும் ஓரினமோ ஈரினமோ என்பது துணியப்படும். பெயரும் நாளும் இடமும் எழுதப்பெறாத பொருள் எத்துணை அழகியதாயினும் அறிவுக்கு உதவாது. இச்சிறு ஒழுங்கே அச்சங்கத்தின் அடிப்படை. எய்ட்கன் அதன் முதற் செயலாளராக 1883 செப்டம்பர் முதல் 1886 மார்ச்சு வரை ஊதியமின்றித் தொண்டாற்றினார். 1886 ஜனவரியில் தொடங்கிய சங்கத்தின் பத்திரிகைக்கு ஸ்டெர்ண்டேல் என்பாரும் அவருமே முதல் ஆசிரியர்கள். அப்பத்திரிகை நூற்றாண்டு கடந்தும் வெளிவருகின்றது.

பின்னர் அவர் வட கன்னட மாவட்டத்திற்கும் கோவா எல்லைக்கும் மாற்றப்பட்டார். காரகோடாவின் வெண்ணிலத்தில் ஒரு புல்லையும் தேடி அலைந்தவருக்குக் கார்வாரின் மழைக்காடு எத்தகைய விருந்தாயிருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப்பார்க்கலாம். ஆண்டு அவர் மேற்கொண்ட பணியே அவர்தம் அறிவியற் பணிகளுட் சிறந்தது என்பது நம் கருத்து. வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்து ஊசியிற் குத்திப் பெட்டியில் அடுக்குவோர் அக்காலத்தும் பலர் இருந்தனர். அப்பூச்சி எந்தப் புழுவினின்று வந்தது, அப்புழு எந்தச் செடியின் இலையை உண்டது, கூட்டுப்புழுவாய் எங்கே தொங்கியது என்பவற்றை ஆராய்ந்தார் மிகச் சிலரே. டேவிட்சன், பெல், எய்ட்கன் ஆகிய மூவர் இவ்வேலையை மேற்கொண்டனர். ஒருவர் மாவட்ட ஆட்சியர், ஒருவர் வன இலாகாவினர், ஒருவர் உப்பு இலாகாவினர். மூவரும் அரசாங்கப் பணிக்கிடையே எஞ்சிய பொழுதையே இதற்குச் செலவிட்டனர்.

வேலை இது: இலையின் அடிப்புறத்தில் ஒரு முட்டையையோ சிறு புழுவையோ காண வேண்டும். அதனை அவ்விலையோடு வீட்டிற்குக் கொணர வேண்டும். நாள்தோறும் அதே செடியின் புதிய தழையைத் தேடி இட வேண்டும். வேறு தழை இடின் அது உண்ணாது மடியும். புழு பலமுறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் அதன் நிறமும் முள்ளும் மாறும். நேற்றுக் கண்டது இன்று வேறொன்றாய்த் தோன்றும். முடிவிற் கூட்டுப்புழு ஆகும். அதன்பின் ஒரு காலைப்பொழுதில் வண்ணத்துப்பூச்சி வெளிப்படலாம்; அன்றிப் புழுவின் உடலுள் முன்னமே முட்டையிட்ட குளவியின் குஞ்சு வெளிப்பட்டு, பலநாள் உழைப்பு பாழாகலாம். இத்தகைய ஏமாற்றம் பலவற்றைத் தாங்கி, இன்ன புழு இன்ன பூச்சி என்று ஒவ்வொன்றாய் அவர்கள் நிலைநாட்டினர். வட கன்னட மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகள் பற்றி மூவரும் சேர்ந்தெழுதிய நெடுங்கட்டுரை 1896-ஆம் ஆண்டு முதல் சங்கத்தின் பத்திரிகையிற் பகுதி பகுதியாய் வெளிவந்தது. இவ்வலைச்சலின் இன்பத்தைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்க எய்ட்கன் 1894-இல் மற்றொரு நூலும் வெளியிட்டிருந்தார்.

இடையே 1889-இல் வெளிவந்த நூலைப் பற்றியும் உரைத்தல் கடன். பங்களாவின் பின்கட்டு என்று அதன் தலைப்பைப் பெயர்க்கலாம். சமையற்காரன், குதிரைக்காரன், வண்ணான், தோட்டக்காரன், ஆயா முதலிய வேலைக்காரரை நகைச்சுவையாகச் சித்திரிக்கும் கட்டுரைகள் அவை. டைம்ஸ் ஆப் இந்தியா பத்திரிகையில் முன்னர் வந்தவை. இதனையே அவர் நூல்களுட் பலரும் விரும்பிப் படித்தனர். நமக்கோ அது மனநிறைவு தருவதில்லை. எறும்பின் புற்றருகே மணிக்கணக்காக அமர்ந்து அதன் காரியத்தை உள்ளபடி அறிய முயன்றவர், தம் வீட்டிற் பல்லாண்டு உழைத்தவனைத் திண்ணையினின்றே கண்டு அமைந்துவிட்டார். பூச்சிகளை மனிதராக்கி எழுதும்போது இனிக்கும் நடை, மனிதரைப் பூச்சிபோற் பகுத்து எழுதும்போது கசக்கின்றது. அக்காலத்து ஆளுவோரின் பொதுக்குறை இது என்று சிலர் கூறுவர். அது உண்மையே; எனினும் கூர்ங்கண் படைத்தவரிடம் நாம் மிகுதியாக எதிர்பார்ப்பது இயல்பன்றோ? அவருடைய எழுத்தில் வன்மம் இல்லை என்பதையும் நேர்மைகருதிச் சொல்லிவிடுகின்றோம்.

1900-இற் பம்பாயின் பொதுப்பறவைகள் பற்றிய அவர் நூல் வெளியாயிற்று. இதுவே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. அதன் அருமையை உணரவேண்டின் அதற்கு முன்னிருந்த நிலையை அறிதல் வேண்டும். இந்தியப் பறவைகளைப் பற்றி நூல்கள் இல்லாமல் இல்லை. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த ஜெர்டன் என்பார் 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் என்னும் பெருநூலை வெளியிட்டார். அதன்பின் ஓட்சும் பிளான்போர்டும் நான்கு தொகுதிகள் எழுதினர். அவை அனைத்தும் அறிஞர் போற்றும் நூல்கள். ஆயின் அவை அலகின் நீளம், சிறகின் அளவு, இறகின் அமைப்பு ஆகியவற்றால் இனம் பிரிப்பன. அளவெடுக்க வேண்டுமாயின் பறவை கையில் இருத்தல் வேண்டும். கையில் இருக்க வேண்டுமாயின் அதனைச் சுடுதல் வேண்டும். டிராம் வண்டியில் அலுவலுக்குச் செல்லும் குமாஸ்தா துப்பாக்கிக்கு எங்கே போவான்? பம்பாய்த் தெருவிற் சுட அவனை யார் விடுவர்?

எய்ட்கன் வேறு வழி காட்டினார். பறக்கும் விதம், அமரும் இடம், வாலை ஆட்டும் பழக்கம், குரல், கூட்டமாய் வருமோ தனித்து வருமோ என்பது, வரும் பருவம் முதலியவற்றை அடையாளமாக வைத்து, சாளரத்தினின்று நோக்குபவனே பறவையைத் துணியும்படி எழுதினார். பருந்தின் வால் நடுவிற் பிளவுபட்டிருத்தலை அது வானில் வட்டமிடும்போதே காணலாம். கரிக்குருவி தந்திக்கம்பியில் அமர்ந்து பூச்சியைப் பாய்ந்து பிடித்து மீண்டும் அங்கேயே வந்தமரும். செண்பகம் பறப்பதினும் புதரிடை நடப்பதையே விரும்பும். இவற்றை அறிதற்கு அளவுகோல் வேண்டா, பொறுமை போதும். இருநோக்கிக் கண்ணாடியும் பறவை ஏடும் கொண்டு நகரப் பூங்காக்களில் விடியற்காலை உலவும் அன்பர்கள் இக்காலத்துப் பலர் உளர். அவர்கள் பின்பற்றும் முறை, இந்நாட்டில் எளிய மக்களுக்காக எழுதப்பெற்ற தொடக்கநூல்களுள் ஒன்றாகிய இதிலே காணப்படுகின்றது.

அந்நூலின் பயன் அவர் கருதிய அளவில் நின்றுவிடவும் இல்லை. நகரத்திற் பொதுவாகக் காணப்படும் பறவைகளுள் அவர் கழுகுகளுக்கும் இடமளித்தார். பிணந்தின்னிக் கழுகு எனவும் பாறு எனவும் வழங்கும் அப்பறவை அந்நாளிற் பம்பாய் வானில் யாரும் நிமிர்ந்து பாராத அளவு மலிந்திருந்தது. மலபார்க் குன்றிலுள்ள பார்சிகளின் மௌன கோபுரத்திற்கு அதுவே ஊழியம் செய்தது. ஏறக்குறைய நூறாண்டு கழிந்தபின், 1990-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், இந்தியாவெங்கும் கழுகுகள் மடிந்து விழலாயின. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே நூற்றுக்கு 99 பங்கிற்கு மேல் குறைந்தது. கால்நடைகளுக்கு வலிநீக்க ஊட்டிய டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊனொடு கழுகின் வயிற்றிற் புகுந்து அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தமையே காரணம் என்பது 2004-இல் அறிஞருலகிற்கு வெளியாயிற்று. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைக்கு வழங்குவதை அரசாங்கம் தடுத்தது. கழுகு அருகிய பின்னரே, முன்னர் அது எங்கெங்கு எவ்வளவு இருந்தது என்னும் வினா எழுந்தது. புலியை எண்ணியவர் பலர். மலிந்து கிடந்த கழுகை யார் எண்ணினர்? எய்ட்கன் போன்றோர் பொழுதுபோக்காக எழுதிவைத்த ஏடுகளே அந்நாளைய நிலைக்குச் சான்றாக எஞ்சின. பெருநகரங்களிற் சிட்டுக்குருவி குறைந்துவிட்டது என்று பலரும் வருந்துவதை நாம் கேட்கின்றோம். நம் ஊரில் இருபதாண்டுக்கு முன் எத்தனை இருந்தன என்று கேட்டால் மட்டும் எவரிடத்தும் ஏடு இல்லை.

1902-இல் அரசாங்கம் அவருக்கு ஒரு தனிப்பணி தந்தது. கோவா அப்போது போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. அதன் எல்லை நெடுகிலும் இருந்த சுங்கச் சாவடிகளில் மலேரியாக் காய்ச்சல் கொடிதாயிருந்தமையின், அங்கு மாற்றப்படுதலைச் சேவகர் அனைவரும் அஞ்சினர். கொசுவே அந்நோயைப் பரப்புகின்றது என்பதை 1897-இற் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்து ஐந்தாண்டே ஆகியிருந்தது. எந்தச் சாவடியின் அருகே எந்தக் கொசு பெருகுகின்றது, சேவகரை அதனினின்று எங்ஙனம் அகற்றுவது என்று ஆராய்ந்து அறிக்கை தரும்படி எய்ட்கன் அனுப்பப்பட்டார். இளமையிற் கொசுவோடு நகையாடிய எழுத்தாளர், ஐம்பது வயதிற் சேவகரின் உயிர்காக்கும்பொருட்டு ஓடைதோறும் குட்டைதோறும் அதனைத் தேடிச் சென்றார். அத்தேட்டத்தில் முன்னர் அறியப்படாத கொசு ஒன்று அகப்பட்டது. மருத்துவ இலாகாவைச் சேர்ந்த மேஜர் ஜேம்ஸ் அதனை ஆராய்ந்து புதிய இனம் எனத் துணிந்து, அனாபிலிஸ் எய்ட்கெனி என்று அவர் பெயரையே இட்டார். பின்கட்டு மனிதரைப் பற்றி மேலே நாம் கூறிய குறையை, இப்பணி ஓரளவு ஈடுசெய்ததாகக் கருதுகின்றோம்.

அவ்வாண்டிற் பம்பாயில் அவரோடு ஒரே வீட்டிற் குடியிருந்தவர் டாக்டர் பானர்மன். பின்னாளிற் சென்னை மாகாணத்து மருத்துவத் தலைமை அதிகாரியாக அமர்ந்தவர் இவரே. எய்ட்கன் காலைதோறும் அகராதியின் துணையின்றிக் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் படிப்பதை அவர் கண்டிருக்கிறார். நண்பரின் அடக்கத்தையும் எளிமையையும் அவர் மறந்திலர். நண்பர் மறைந்தபின் அவருடைய கட்டுரைகள் 1914-இல் நூலாக வெளிவந்தபோது, அதன் முகப்பில் வாழ்க்கைக்குறிப்பு எழுதியவரும் அவரே. நாம் இங்குக் கூறியவற்றுட் பல அக்குறிப்பினின்று அறிந்தவை.

1903 மே மாதத்தில் எய்ட்கன் கராச்சியிற் சுங்கத்திற்கும் உப்புவரிக்கும் தலைமை அதிகாரியானார். 1905 நவம்பரிற் சிந்து மாகாணத்து விவரநூலை எழுதும் பொறுப்பு அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. முப்பதாண்டு உப்பை எடைபோட்ட கையில் அரசாங்கம் எழுதுகோலைத் தர, ஓய்வுபெறும் தறுவாய் ஆயிற்று. நிலவரி, வாணிகம், சுகாதாரம் என வறண்ட தலைப்புக்களுக்கிடையேயும் அவருடைய நடை தலைகாட்டுவதை அந்நூலைப் புரட்டுவோர் காணலாம்.

1906 ஆகஸ்டில் ஓய்வுபெற்று மனைவியாரோடும் மக்களோடும் எடின்பரோ நகரின் மார்னிங்சைடு பகுதியிற் குடியேறினார். இந்தியாவிற் பிறந்து இந்தியாவிலேயே ஆளாகிய அவருக்கு அவ்வூர்ப் பறவைகள் பெரிதும் புதியன. ஐம்பத்தைந்து வயதில் மீண்டும் தொடக்கநிலை மாணவராய் அவற்றைக் கற்கத் தொடங்கினார். தோட்டத்திற் பூச்செடிகள் வைத்தார். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப் பொன்மீன் வாங்கிச் சென்றார். ஆண்டுப் பத்திரிகைகளுக்கும் கட்டுரைகள் எழுதலானார்.

1909-ஆம் ஆண்டு இளவேனிற் காலத்தில் ஒருநாள், மார்னிங்சைடு கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று வெயிலிலும் மலர்களிலும் மகிழ்ந்திருந்தார். பறவைகள் கூடு கட்டுவதைக் காண இனி அடிக்கடி அவ்விடத்திற்கு வரவேண்டும் என்று மனைவியாரிடம் கூறினார். சில நாட்குள் நோயுற்று, ஏப்ரல் மாதத்தில் உயிர் நீத்தார். கூடுகள் கட்டி முடியுமுன் அவர் உடல் அத்தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.